எம்3 லீ: ஒட்டுப்போட்டு ஓடிய ஒரு டாங்கியின் கதை

இரண்டாம் உலகப்போர் டாங்கிகள்னு பேச்சு வந்தாலே ஜெர்மனியின் டைகர், ரஷ்யாவின் டி-34, அமெரிக்காவின் ஷெர்மன் என்று மூன்று பெயர்கள் வரும். ஷெர்மனுக்கு அண்ணன் ஒருவர் உண்டு. எம்3 லீ. அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. பேசினாலும் கிண்டலுக்குத்தான் பேசுவார்கள்.

கிண்டலுக்குக் காரணம் அதன் தோற்றம். டாங்கி என்றால் நமக்குத் தெரிந்த வடிவம் ஒன்றுதான்: கீழே உடல், மேலே நான்கு பக்கமும் சுழலும் டரட், அதில் ஒரு பெரிய பீரங்கி. எம்3 லீயில் பெரிய பீரங்கி டரட்டில் இல்லை. உடலின் வலதுபக்கம் ஒரு பெட்டி போலத் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியில் இருக்கிறது. அதற்கு மேலே, இடதுபக்கம் தள்ளி ஒரு டரட். அதில் ஒரு சின்ன பீரங்கி. அந்த டரட்டின் தலையில் இன்னொரு குட்டி டரட்; அதில் ஒரு மெஷின் கன். கோயில் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக 3.1 மீட்டர் உயரம். உள்ளே ஏழு பேர்.

"இதை எவன்யா டிசைன் பண்ணினான்?" என்றுதான் முதலில் தோன்றும். சாஃப்ட்வேர் துறையில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி கேட்கிறது. பழைய கோடைத் திறந்து பார்த்து "இப்படியா எழுதுவான்?" என்று கேட்பது சுலபம். எந்த நெருக்கடியில், என்ன கையில் இருந்தபோது எழுதினான் என்று கேட்டால்தான் விஷயம் புரியும். எம்3 லீயையும் அப்படித்தான் பார்க்கணும்.

1940 கோடைக்காலம்

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஐரோப்பாவின் பெரிய ராணுவங்களில் ஒன்று ஆறே வாரத்தில் முடிந்துபோனது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. ஆனால் அங்கிருந்த தளபதிகளுக்கு வயிற்றில் புளி கரைத்தது. காரணம், அவர்களிடம் நடுத்தர டாங்கி என்று சொல்லிக்கொள்ள இருந்தது எம்2 என்ற வண்டி மட்டும்தான். அதில் 37 மிமீ பீரங்கி ஒன்று, சுற்றிலும் ஏழெட்டு மெஷின் கன். ஜெர்மனியின் பான்சர் 4 டாங்கியிலோ 75 மிமீ பீரங்கி இருந்தது.

37, 75 என்ற எண்கள் குழாயின் விட்டம். விட்டம் இரண்டு மடங்கானால் குண்டின் எடை இரண்டு மடங்கு ஆகாது. நீள அகலமெல்லாம் சேர்ந்து வளர்வதால் ஏறத்தாழ எட்டு மடங்கு ஆகும். 37 மிமீ குண்டுக்குள் வெடிமருந்து வைக்க இடமே கொஞ்சம்தான். 75 மிமீ குண்டு ஆறரை கிலோவுக்கு மேல். அது போய் விழுந்து வெடித்தால், மண்மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரிப் பீரங்கிக் குழுவையும் காலி செய்யும். ஆக, 75 மிமீ பீரங்கி வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பிரச்சினை, அதை எங்கே பொருத்துவது?

ஏன் டரட்டில் வைக்கவில்லை?

பெரிய பீரங்கி சுடும்போது பின்னுக்கு உதைக்கும். அந்த உதையைத் தாங்க, டரட் உட்கார்ந்து சுழலும் வளையம் அகலமாக இருக்க வேண்டும். வளையம் அகலமானால் டரட் பெரிதாகும். டரட் பெரிதானால் எடை கூடும். அந்த எடையைத் தாங்கிக்கொண்டு வளையம் சீராகச் சுழல வேண்டும். குண்டு பட்டு அதிர்ந்தாலும் சிக்கிக்கொள்ளக் கூடாது. அவ்வளவு பெரிய கவச டரட்டை வார்ப்பதிலோ, அதற்கான வளையத்தைக் கடைந்தெடுப்பதிலோ 1940இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் பழக்கம் இல்லை. கற்றுக்கொள்ள முடியாத வித்தை ஒன்றுமில்லை. ஆனால் நாள் ஆகும்.

அந்த நாட்கள்தான் இல்லை.

கையில் ஒரு பரிசோதனை வண்டி இருந்தது. எம்2 வகை உடலில், வலதுபக்கப் பெட்டியில் 75 மிமீ ஹோவிட்சர் ஒன்றைப் பொருத்தி 1939இல் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். டி5இ2 என்று பெயர். உடலில் பொருத்தினால் சுழலும் வளையத் தொல்லை இல்லை. பீரங்கியை இடமும் வலமும் கொஞ்சம்தான் திருப்ப முடியும் (பக்கத்துக்குப் 15 டிகிரி), ஆனால் வேலை செய்யும். இந்த யோசனை ஒன்றும் அமெரிக்கர்களுக்கு மட்டும் தோன்றிய கோணங்கித்தனம் கிடையாது. பிரான்ஸின் சார் பி1 டாங்கியிலும் 75 மிமீ பீரங்கி உடலில்தான் இருந்தது. பிரிட்டனின் சர்ச்சில் டாங்கியின் முதல் வகையிலும் ஒரு ஹோவிட்சர் உடலில் இருந்தது.

எம்2 குடும்பத்தின் எம்2ஏ1 என்ற வண்டியில் 1,000 செய்யச் சொல்லி 1940 ஆகஸ்ட் 15ஆம் தேதி கிரைஸ்லர் கார் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 28ஆம் தேதி, அதை மாற்றி, "எம்3 ஆயிரம் செய்யுங்கள்" என்றார்கள். அப்போது எம்3 காகிதத்தில்கூட முழுதாக இல்லை. பெரிய டரட்டில் 75 மிமீ பீரங்கி வைத்த சரியான டாங்கி வரும்வரை ஓடட்டும் என்பதுதான் ஏற்பாடு. பிறக்கும்போதே "தற்காலிகம்" என்று நெற்றியில் எழுதி ஒட்டிப் பிறந்த வண்டி இது.

இருப்பதை வைத்து ஒப்பேற்றியது

எம்3க்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதிக்கு மேல் பழைய சரக்குதான். சஸ்பென்ஷன், எஞ்சின் அமைப்பு எல்லாம் எம்2விலிருந்து வந்தவை. எஞ்சின், விமானத்துக்கென்று செய்த ரைட் ஆர்-975. ஒன்பது சிலிண்டர்கள் நட்சத்திரம் போல வட்டமாக அமைந்தது. பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் இந்த எஞ்சினிலிருந்து ஒரு தண்டு, ஆட்கள் உட்காரும் இடத்துக்குக் கீழே ஓடி, முன்பக்கம் இருக்கும் கியர் பாக்ஸுக்குப் போகும். எஞ்சின் வட்டமாக இருப்பதால் தண்டு கொஞ்சம் உயரத்தில் கிளம்பும். தண்டுக்கு மேலே தரை, தரைக்கு மேலே ஆட்கள், ஆட்களுக்கு மேலே டரட். உயரம் 3.1 மீட்டர் ஆனதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஒரு இடத்தில் செய்த சமரசம் வேறெங்கோ போய் முளைக்கும்னு சொல்வாங்களே, அதுதான்.

விமானங்களுக்கே அந்த எஞ்சின் பற்றாக்குறையானபோது அடுத்த ஒட்டு விழுந்தது. கிரைஸ்லர் ஆட்கள் ஆறு சிலிண்டர் கார் எஞ்சின்கள் ஐந்தை எடுத்து, ஒன்றாகக் கோத்து, முப்பது சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்தார்கள். கேட்டால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஓடியது. அதைப் பொருத்திய எம்3ஏ4 வகை 109 மட்டும் செய்யப்பட்டாலும், பிறகு ஷெர்மனில் ஆயிரக்கணக்கில் அதே எஞ்சின் போனது.

தொழிற்சாலை கதையும் இதே மாதிரிதான். டெட்ராய்ட் அருகே வாரன் என்ற இடத்தில் வயல்வெளியாக இருந்த நிலத்தில் கட்டடம் எழும்பியது. வடிவமைத்தவர் ஆல்பர்ட் கான். குளிர்காலத்தில், கட்டடம் முடியாத நிலையில், உள்ளே வெப்பம் தருவதற்கு ஒரு நீராவி ரயில் எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். 1941 ஏப்ரலில் முதல் மாதிரி வண்டி தயார். ஒப்பந்தம் மாறி எட்டு மாதத்துக்குள். காரும் ரயில் எஞ்சினும் செய்துகொண்டிருந்தவர்கள் டாங்கி செய்யக் கற்றுக்கொண்டது இந்த வண்டியில்தான். 1942 முடிவதற்குள் எல்லா வகையும் சேர்த்து 6,258 வண்டிகள் வெளிவந்தன.

லீயும் கிராண்ட்டும்

1940இல் பிரிட்டன் தன் டாங்கிகளையே அமெரிக்காவில் செய்து வாங்கப் பார்த்தது. "எங்கள் டிசைன்தான் செய்வோம்" என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் எம்3யை வாங்கினாலும் டரட்டை மட்டும் மாற்றச் சொன்னார்கள். மேலே இருந்த குட்டி டரட்டை எடுத்துவிட்டு, டரட்டைப் பின்பக்கம் நீட்டி, அதில் ரேடியோவை வைத்தார்கள். ரேடியோ டாங்கித் தலைவருக்குப் பக்கத்தில் வந்தது. ஆளும் ஒருவர் குறைந்து ஆறு பேரானார்கள்.

இப்படி மாற்றிய வண்டிக்கு ஜெனரல் கிராண்ட் பெயரும், அமெரிக்க டரட் உள்ளதற்கு ஜெனரல் லீ பெயரும் வைத்தவர்கள் பிரிட்டிஷார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற இரண்டு தளபதிகளை ஒரே வண்டியின் இரண்டு வகைகளுக்குப் பெயராக வைத்ததில் கொஞ்சம் குசும்பு இருக்கத்தான் செய்கிறது.

கசாலா: முதல் பரீட்சை

1942 மே மாதக் கடைசியில், லிபியாவின் கசாலா பாலைவனத்தில் கிராண்ட் களமிறங்கியது. அதுவரை பிரிட்டிஷ் டாங்கிகளில் இருந்தது பெரும்பாலும் 2 பவுண்டர் பீரங்கி. ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகமான இரும்புக் குண்டு, வெடிக்காது. ஜெர்மானியர்கள் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளைத் தூரத்தில் மறைத்துவைத்து அடிப்பார்கள். அந்தப் பீரங்கிக்காரர்களைத் திருப்பி அடிக்க 2 பவுண்டரால் முடியாது. குண்டு நேராக ஆள்மேல் பட்டால்தான் உண்டு.

கிராண்ட் வந்ததும் கணக்கு மாறியது. தூரத்திலிருந்தே வெடிக்கும் குண்டு போட முடிந்தது. மே 27 காலையில் ரோமலின் டாங்கிகள் கிராண்டை முதல்முறை சந்தித்தபோது அவர்களுக்கு அது எதிர்பாராத அடி. ஆனாலும் அந்தச் சண்டையில் பிரிட்டன் தோற்றது. ஜூன் 21ஆம் தேதி டோப்ருக் வீழ்ந்தது. டாங்கி நன்றாக வேலை செய்வதும் போரில் ஜெயிப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

குறைகளும் அங்கேயே வெளிப்பட்டன. டாங்கிக்காரர்களின் அடிப்படைத் தந்திரம், ஒரு மேட்டுக்குப் பின்னால் நின்று, டரட்டை மட்டும் வெளியே நீட்டிச் சுடுவது. எம்3யில் பெரிய பீரங்கி இடுப்பில் இருக்கிறது. சுடணும்னா மொத்த உடலையும் மேட்டுக்கு மேலே கொண்டுவரணும். மூன்று மீட்டர் உயரத்தோடு, "இதோ இருக்கிறேன்" என்று நிற்பதற்குச் சமம். பக்கவாட்டில் எதிரி வந்தால், வண்டியையே திருப்ப வேண்டும். அதோடு பெரும்பாலான வண்டிகளின் கவசத் தகடுகள் ரிவெட் அடித்துப் பொருத்தியவை. வெளியே பலமாக அடிபட்டால், உள்ளே ரிவெட்டின் தலை தெறித்து ஒரு தோட்டா போலப் பாயும். கவசத்தை எதிரியின் குண்டு துளைக்காவிட்டாலும் ஆள் சாகலாம்.

ஏழு பேருக்கு ஒரு கல்லறை

இந்தக் குறைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து தாக்கியது ரஷ்யாவில். அமெரிக்கா சோவியத் யூனியனுக்கு 1,300க்கும் மேற்பட்ட எம்3களை அனுப்பியது. அதில் நானூறுக்கும் மேல் கப்பலோடு கடலிலேயே போனது. போய்ச் சேர்ந்தவை எதிர்கொண்டது சமவெளிகளில் நடந்த டாங்கிக்கு டாங்கி சண்டையை. எதிரில் மேம்பட்ட நீளமான பீரங்கிகள் பொருத்திய ஜெர்மன் டாங்கிகள். உயரமான வண்டி, பெட்ரோல் எஞ்சின், சேற்றில் புதையும் ஒடுக்கமான சங்கிலிப் பட்டை. சோவியத் வீரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர், ஏழு சகோதரர்களுக்கான கூட்டுக் கல்லறை.

இந்தப் பெயரை இணையத்தில் எல்லோரும் நகைச்சுவையாகப் பகிர்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. தற்காலிக ஏற்பாடு என்று முடிவெடுத்தவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள். அந்த முடிவு சரியானதுதான், வேறு வழியில்லை. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள், ஒவ்வொரு வண்டியிலும் ஏழு பேர். நம் வேலையில் ஒரு பேட்ச் சொதப்பினால் ராத்திரி போன் வரும், அவ்வளவுதான். இங்கே அந்த வசதி இல்லை.

ஷெர்மன் வந்தார்

அமெரிக்கர்கள் செய்த உருப்படியான காரியம், "தற்காலிகம்" என்று சொன்னதை நிஜமாகவே தற்காலிகமாக வைத்தது. எம்3 வெளிவரத் தொடங்கிய அதே 1941இல், செப்டம்பருக்குள், அடுத்த டாங்கியின் மாதிரி வண்டி தயாராகிவிட்டது. அதுதான் ஷெர்மன். 1942 பிப்ரவரியில் உற்பத்தி தொடங்கியது. அக்டோபரில் எல் அலமைனில் சண்டைக்கே வந்துவிட்டது.

ஷெர்மனின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். சஸ்பென்ஷன், எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் எம்3யிலிருந்து வந்தவை. மேலே புதிய உடல், பெரிய வார்ப்பு டரட், அதில் 75 மிமீ பீரங்கி. எம்3யில் அடிபட்டுச் சரிசெய்த பாகங்கள் ஷெர்மனுக்கு முதல் நாளிலிருந்தே கிடைத்தன. கனடாவும் எம்3யின் கீழ்ப்பாதியை எடுத்து ராம் என்ற டாங்கியைச் செய்தது. அதே அடித்தளத்தில் 105 மிமீ பீரங்கி வைத்த ப்ரீஸ்ட் வண்டி, பழுதான டாங்கிகளை இழுக்கும் எம்31 வண்டி எல்லாம் வந்தன.

1942 டிசம்பரில் எம்3 உற்பத்தி நின்றது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த டாங்கியின் நல்ல காலம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பர்மா எல்லையில்

வட ஆப்பிரிக்காவில் ஷெர்மன் வந்ததும் மிச்சமான லீ, கிராண்ட் டாங்கிகள் இந்தியா–பர்மா எல்லைக்கு வந்தன. இம்பால் என்றால் நமக்கு நேதாஜியும் இந்திய தேசிய ராணுவமும் நினைவுக்கு வருவார்கள். மலாயாத் தமிழர்கள் பலர் சேர்ந்திருந்த படை அது. ஜப்பானியர்களோடு இந்தப் படையெடுப்பில் வந்தது. எதிர்ப்பக்கம், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 14ஆம் படையில் இருந்ததுதான் நம்ம லீ.

இங்கே எதிரி வேறு மாதிரி. ஜப்பானியர்களிடம் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி குறைவு, டாங்கிகளும் குறைவு. அவர்களின் பலம் மலைகளில் மரக்கட்டையும் மண்ணும் போட்டுக் கட்டிய பதுங்குகுழிகள். விமானக் குண்டு போட்டாலும் அசையாதவை. அதற்குத் தேவை, மிக அருகில் போய், நிதானமாகக் குறிவைத்து அடிக்கும் ஒரு பெரிய பீரங்கி. பதுங்குகுழி நகராது. எனவே பீரங்கி பக்கத்துக்குப் 15 டிகிரிதான் திரும்பும் என்ற குறை இங்கே பெரிய குறையே இல்லை.

1944 பிப்ரவரியில் அரக்கான் பகுதியில் 25ஆம் டிராகூன் படையின் லீக்கள் இறங்கியபோது ஒரு முறை உருவானது. முதலில் விழுந்ததும் வெடிக்கும் குண்டால் பதுங்குகுழியை மறைத்த செடிகொடிகளை அகற்றுவது. பிறகு, உள்ளே புகுந்து சற்றுத் தாமதித்து வெடிக்கும் குண்டால் சுவரை உடைப்பது. நம் காலாட்படை நெருங்கியதும், வெடிக்காத இரும்புக் குண்டுக்கு மாறுவது. சிதறல் இல்லாததால் சொந்த ஆட்கள் சில அடி தூரம்வரை நெருங்க முடியும். அதுவரை எதிரியும் தலைதூக்க முடியாது.

ஏப்ரல் 13ஆம் தேதி, இம்பாலுக்கு வடகிழக்கே நுங்ஷிகம் மலை. அங்கிருந்து பார்த்தால் இம்பால் விமானதளம் தெரியும். அது ஜப்பானியர் கையில் இருந்தது. சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் செங்குத்தாக எழும் மலை. டாங்கி ஏறும் என்று யாரும் நினைக்கவில்லை. மூன்றாம் கேரபினியர் படையின் லீ டாங்கிகள், டோக்ரா வீரர்களோடு ஏறின. உச்சியில் ஒரு வண்டி போகுமளவுக்குத்தான் அகலம். கொஞ்சம் பிசகினால் பள்ளம். எனவே டாங்கித் தலைவர்கள் தலையை வெளியே நீட்டி டிரைவருக்கு வழி சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் பின் ஒருவராகச் சுடப்பட்டார்கள். தாக்குதலில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் எல்லோரும் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். கிராடக் என்ற சார்ஜண்ட் மேஜரும் டோக்ரா சுபேதார்களும் பொறுப்பெடுத்து மலையைப் பிடித்தார்கள். அந்தப் படையின் வாரிசுப் படைப்பிரிவு இன்றும் அந்த நாளை நினைவுகூர்கிறது. அணிவகுப்பை அதிகாரிகள் இல்லாமல், சார்ஜண்ட் மேஜர் நடத்துவார்.

மே மாதம் கொஹிமாவில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் கோர்ட்டே போர்முனையாக இருந்தது. வாரக்கணக்கில் இரண்டு தரப்பும் கோர்ட்டின் இரண்டு பக்கமும் கிடந்தன. புல்டோசரால் பாதை வெட்டி, மே 13ஆம் தேதி ஒரு லீயைக் கோர்ட்டுக்குள் இறக்கினார்கள். மிக அருகிலிருந்து பதுங்குகுழிகளை அது உடைத்த பிறகுதான் இடம் மீண்டது. அந்தச் சண்டையில் சரிவில் உருண்ட இன்னொரு லீ இன்றும் கொஹிமாவில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. 1945இல் ஐராவதியைக் கடந்து மாண்டலே வரை லீக்கள் போயின. உற்பத்தி நின்று இரண்டு வருஷம் கழித்தும் வேலையில் இருந்தார்கள் பாருங்க.

ஆக, நல்ல டாங்கியா, மட்டமான டாங்கியா?

ரஷ்யாவில் கூட்டுக் கல்லறை என்று பெயர் வாங்கியதும், கொஹிமாவில் நினைவுச்சின்னமாக நிற்பதும் ஒரே வண்டி. பீரங்கி அதே, கவசம் அதே, உயரம் அதே. எதிரே இருந்தவர்களும், நிலமும், கொடுத்த வேலையும்தான் மாறின. "சிறந்த டாங்கி எது?" என்று பட்டியல் போடுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இன்னொன்று. அவசரத்துக்கு ஒட்டுப்போடுவது தப்பில்லை. 1940இல் சரியான டரட்டுக்காகக் காத்திருந்தால் கசாலாவில் 75 மிமீ பீரங்கியே இருந்திருக்காது. ஒட்டுப்போட்ட கையோடு நிரந்தர ஏற்பாட்டையும் தொடங்கணும். போட்ட ஒட்டு எந்த வேலையைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை அதற்குள் உட்காரப்போகிறவர்களுக்குச் சொல்லணும். முதல் காரியத்தை அமெரிக்கர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். இரண்டாவதை அந்த ஏழேழு பேரும் களத்தில் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.